பூட்டிய அலுமாரியும் ராஜினி ரீச்சரும்

துணுக்காய்ப் பக்கத்துச் சிறு கிராமமொன்றின் முன்பள்ளிக்கு ராஜினி ரீச்சரானது சமாதான காலத்து அதிசயங்களில் ஒன்று. தாய் வீரம்மா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவள். ஊரார் வயல்களில் களை பிடுங்கி மகளைப் படிப்பித்தாள். அந்த மகளுக்கு வேலை கொடுத்த முன்பள்ளித் தலைவர் ராஜரத்தினம் அதை மறக்கவுமில்லை, யாரையும் மறக்க விடவுமில்லை. "தோட்டத்துப் பெட்டை எண்டும் பாராமல் நாங்கள்தானே எடுத்தனாங்கள்" என்று கிழமைக்கு ஒருதரமாவது ராஜினியின் காதில் விழும்படி யாரிடமாவது சொல்லிவிடுவார்.

அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். கோயிலுக்கும் அவர்தான் தலைவர், கூட்டுறவுச் சங்கத்துக்கும் அவர்தான், மரண உதவிச் சங்கத்துக்கும் அவர்தான். அந்த ஊரில் ஒரு சங்கம் தொடங்கினால் தலைவரைத் தேடி அலையத் தேவையில்லை. நடுவில் ஒரு கதிரையைப் போட்டால் போதும், அவர் வந்து இருந்துவிடுவார்.

2004 தொடக்கத்தில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி லொறியில் விளையாட்டுச் சாமான்கள் அனுப்பியது. மரக்கட்டைகள், பொம்மைகள், குட்டிச் சமையல் பாத்திரங்கள், மூன்று சில்லுச் சைக்கிள்கள், இவற்றை வைக்க ஓர் இரும்பு அலுமாரி. பிள்ளைகள் எல்லாரும் வாய் பிளந்து நிற்க, தலைவர் ஒவ்வொன்றையும் பொலித்தீன் உறையோடேயே உள்ளே அடுக்கிப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் கிளிநொச்சியில் மூன்று நாள் பயிற்சி வகுப்பு. தலைப்பு, சிறுவர் கல்வியில் அறம் சார்ந்த தலைமைத்துவம். ரீச்சரும் போனாள், தலைவரும் போனார். கடைசி நாள் தலைவர் எழும்பி, பெரிய தாளில் ஒரு வட்டம் கீறி, நடுவில் ஒரு பிள்ளையை வரைந்து, "பிள்ளைதான் நடுவிலை, நாங்கள் எல்லாரும் சுத்திவர" என்று கணீரென்று பேசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தத் தாளை ஊருக்குக் கொண்டுவந்து எங்கே ஒட்டினார் என்கிறீர்கள்? பூட்டிய அலுமாரிக் கதவில்.

ரீச்சர் துணிவை வரவழைத்துக்கொண்டு போய்க் கேட்டாள். "ஐயா, பிள்ளையள் சிரட்டையோடையும் ரின் மூடியோடையும் விளையாடுதுகள். ஒருக்காத் திறந்து விடுங்கோவன்."

"சாமான் தந்தது பாதுகாக்கிறதுக்குப் பிள்ளை. ஒண்டு உடைஞ்சாலும் அடுத்தமுறை தரமாட்டாங்கள். நான் அஞ்சுதரம் இடம்பெயர்ந்து எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனான். இந்த அலுமாரியாவது முழுசாய் இருக்கட்டும்."

அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் இறங்கிப்போனது. ரீச்சருக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வேலை போனால் திரும்பவும் களை பிடுங்கத்தான் போகவேண்டும். ஆகவே அலுமாரிப் பக்கம் போன பிள்ளைகளை, "தொடக்கூடாது, தலைவர் ஐயா ஏசுவார்" என்று தானே அதட்டினாள். ஒன்றரை வருடம் தினமும் அதட்டினாள். பிள்ளைகளும் நன்றாகவே படித்துக்கொண்டார்கள். புதிதாக வந்த பிள்ளைக்குப் பழைய பிள்ளை முதலில் சொல்லிக்கொடுத்த பாடமும் அதுதான்.

நிறுவனத்து அம்மா பார்வையிட வருகிறா என்று சேதி வந்தது. அன்று தலைவர் வேட்டி சால்வையோடு வந்து தம் கையாலேயே அலுமாரியைத் திறந்தார். பாய் விரித்து, பொலித்தீன் உறையோடு சாமான்களைப் பரப்பினார். "படம் எடுக்குமட்டும் விளையாடட்டும். பிறகு எண்ணி எடுக்கவேணும்" என்றார்.

வெள்ளை வாகனம் வந்தது, மாலை விழுந்தது, விளக்கு எரிந்தது. பிள்ளைகளைப் பாயில் இருத்தினார்கள். பத்தொன்பது பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தன. ஒன்றும் அசையவில்லை. தலைவர் சிரித்துக்கொண்டே, "விளையாடுங்கோ அப்பன், விளையாடுங்கோ" என்றார். பொன்னையாவின் மகள் றஜிதா தன் முழங்காலில் முட்டிக்கொண்டிருந்த பொம்மையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மெல்லக் காலை இழுத்துக்கொண்டாள்.

"நல்ல ஒழுக்கமான பிள்ளையள் எண்டு அம்மா சந்தோசப்படுறா" என்றார் கூட வந்த மொழிபெயர்ப்பாளர். தலைவருடைய முகம் மலர்ந்தது.

அந்தக் கையைக் கட்டவைத்தது தலைவரல்ல, தான்தான் என்று ரீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு வயதுப் பிள்ளைக்குப் பொம்மையைக் கண்டு பயப்படப் பழக்கிய கைகாரி! வேலையாவது மண்ணாவது என்று சேலையைச் சொருகிக்கொண்டு பாயில் போய் இருந்தாள். பொம்மையின் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். குட்டிச் சட்டியை விளையாட்டு அடுப்பில் ஏற்றி, "றஜிதா, பாப்பாவுக்குப் பசிக்குதாம். கெதியாய்ச் சோறு காய்ச்சு" என்றாள்.

றஜிதா தலைவரைப் பார்த்தாள், ரீச்சரைப் பார்த்தாள். பிறகு ஒரு கையை மட்டும் அவிழ்த்தாள்.

அடுத்த கால் மணி நேரத்தில் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. சைக்கிள் ஒன்று விருந்தாளியின் காலில் ஏறியது. மரக்கட்டையொன்று குத்துவிளக்கைச் சாய்த்தது. தலைவர் "ஐயோ, மெல்ல, மெல்ல!" என்று சால்வை நழுவ ஓடித் திரிந்தார். எண்ணி எடுக்க வந்தவரிடம் அன்றைக்கும் சரி, அடுத்த நாட்களிலும் சரி, பிள்ளைகள் ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டு கிழமையில் நிறுவனத்தின் அறிக்கை வந்தது. ஒழுக்கம் ஆரம்பத்தில் மிக நன்று, பின்னர் திருப்தியில்லை என்றிருந்தது. அத்தோடு தலைவரின் கடிதமும் ரீச்சருக்கு வந்தது. ஏழு பொருட்கள் உடைந்தமைக்குக் காரணத்தை எழுத்தில் தரவும் என்று கேட்டிருந்தார்.

அவள் அன்றே பதில் எழுதிக் கொடுத்தாள்: "காரணம், பிள்ளைகள் விளையாடினார்கள். ஒன்றரை வருடம் அவர்களை விளையாட விடாதது என் பிழை, அதற்கு மன்னிக்கவும். உடைந்தவை இன்றைக்குப் பதினொன்று."

அந்தப் பத்தொன்பது பேருக்கும் மூக்குத் துடைத்துவிட வேறொருவரும் முன்வராததால் அவளுடைய வேலை போகவில்லை. தலைவர் அவளுடைய பதிலை இரண்டுதரம் வாசித்தார். கோப்பில் போட்டார். அலுமாரிக்குள் வைத்துக் கவனமாகப் பூட்டினார். உள்ளே அது மட்டும்தான் இருந்தது.