நீஸ் என்று நான் எழுதவில்லை

எனக்கு எழுபத்தேழு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று என் தங்கை பெற்றது. தங்கை காய்ச்சலில் போனபோது அவள் பிள்ளைக்கு இரண்டரை வயது. செத்த வீடு முடிந்த அன்று பின்னேரம் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. தமக்கை நான் இருக்க வேறு யார் வளர்ப்பது? என் பிள்ளைகள் என்னை அம்மா என்றார்கள், அவளும் அம்மா என்றாள். முறைப்படி பெரியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அயலில் ஒருத்தி அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள். அந்தப் பெண்ணோடு நான் அதற்குப் பிறகு கதைக்கவில்லை.

அந்த மகளுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது, யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். நான் மொன்றியலில், புவாண்ட்-கிளேரில், மூத்த மகன் வீட்டில் இருக்கிறேன். நேரில் கண்டு பதினொரு வருடம். என் முழங்காலோடு இனி அவ்வளவு நேரம் விமானத்தில் இருக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே அவள்தான் வர வேண்டும். போன வருடம் விசாவுக்குப் போட்டோம். மறுத்துவிட்டார்கள்.

மகன் மறுப்புக் கடிதத்தை வாசித்துவிட்டு என்னைத்தான் பார்த்தான். அழைப்புக் கடிதத்தில் "என் மகள்" என்று எழுதச் சொன்னவள் நான். அவளோ விண்ணப்பத்தில் தாயின் பெயர் கேட்ட இடத்தில் செத்துப்போன என் தங்கையின் பெயரை எழுதியிருந்தாள். இரண்டும் உண்மை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு ஏதோ ஒன்று பொய். உறவுமுறை தெளிவாக இல்லையாம்.

"இந்த முறை நீஸ் எண்டு போடுவம் அம்மா," என்றான் மகன். "ஒரு சொல்லுத்தானே."

ஒரு சொல்தான், கூடப்பிறந்தவரின் மகளுக்கு இங்கிலிசில் அதுதான் பெயர். எங்களிடமும் ஒரு சொல் இருக்கிறது, பெறாமகள் என்று. பெறாவிட்டாலும் அந்தச் சொல்லுக்குள் மகள் இருக்கிறாள். நீஸ் என்பதற்குள் யார் இருக்கிறார்கள்? கடிதத்தை நானே இங்கிலிசில் எழுதுகிறேன் என்றேன். மகன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்து ஆறியிருக்கும். அவன் பாவம் பார்த்தான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதற்காக என்னைப் பாவம் பார்க்க நான் யாரையும் விட்டதில்லை.

செவ்வாயும் வியாழனும் பக்கத்துத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வயதானவர்களுக்கு இங்கிலிஸ் வகுப்பு நடக்கிறது. பனிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலும் கையுமாகப் பஸ் ஏறிப் போனேன். டீச்சர் பென்சன் எடுத்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்லவர், ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு தாளைத் தருவார். மூன்றாம் கிழமை தந்த தாளில் ஒரு மரம், மரம் முழுக்கப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் உறவு.

அந்த மரத்தை என்னவென்று சொல்வது? மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதில் ஒரே பெட்டி. பெரியப்பாவுக்கும் அதே பெட்டி. அப்பாவின் தங்கையான மாமியின் புருசனும் அதற்குள்தான் போய் நெருக்குப்பட வேண்டும். அங்கிள் என்று கூப்பிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் கசின். நான் பேனையை வைத்துவிட்டு டீச்சருக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். சித்தப்பாவின் மகன் எனக்குத் தம்பி, அதனால் சகோதரன் என்ற பெட்டியில் எழுதினேன். மாமாவின் மகன் தம்பி இல்லை, அவரைத்தான் நான் கட்டினேன். கசினையா கட்டினீர்கள் என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன், நாற்பத்துநான்கு வருடம் குடும்பம் நடத்தினேன் என்றேன். டீச்சர் தன் பேனை மூடியைக் கழற்றினார். பிறகு சகோதரன் பெட்டியில் நான் எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் வெட்டினார். என் மகளை மகள் என்ற பெட்டியில் எழுதியிருந்தேன். அதையும் வெட்டி அம்புக்குறி போட்டுக் கீழே நீஸ் என்ற பெட்டியில் கொண்டுபோய் விட்டார்.

மருமகளுக்கு இங்கிலிசில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், சட்டப்படி மகள் என்று. பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்து இருபத்தேழு வயதில் என் வீட்டுக்கு வந்தவள் சட்டப்படி மகள். இரண்டரை வயதில் இடுப்பில் ஏறியவளுக்கு மகள் என்ற சொல்லே கிடையாது. அன்று பஸ்ஸில் வரும்போது சாரதி சொன்ன போன்ஜூருக்குக்கூட நான் பதில் சொல்லவில்லை.

என் பக்கத்துக் கதிரையில் ஒரு ஸ்லோவாக் பெண்மணி இருப்பார். என் வயதுதான் இருக்கும், தலையில் பூப்போட்ட துணி கட்டியிருப்பார். ஸ்லோவாக்கியா எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, யாழ்ப்பாணம் எங்கே என்று அவருக்கும் தெரியாது, அதனால் ஒருவருக்கொருவர் பெருமை காட்ட ஒன்றும் இருக்கவில்லை. அவரும் அந்த மரத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அங்கிள் பெட்டியைப் பேனையால் குத்தி எனக்குக் காட்டினார். தாயின் தம்பி என்றால் அவர்களுக்கு உயோ. தகப்பனின் தம்பி என்றால் ஸ்திரீகோ. இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினார். மாமா, சித்தப்பா என்று நானும் இரண்டு விரலைப் பிரித்தேன். அந்த வகுப்பில் எனக்கு உடனே விளங்கிய முதல் பாடம் அது.

தேநீர் இடைவேளையில் நான் பிஸ்கட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். பெரிய வட்டமானது நான். பக்கத்தில் தங்கைக்கு ஒன்று, இறந்துவிட்டாள் என்பதற்காகக் கவிழ்த்து வைத்தேன். எனக்குக் கீழே சிறியதாக ஐந்து. கடைசிப் பிள்ளையைத் தொட்டு, தங்கையைத் தொட்டுக் காட்டினேன். ஸ்லோவாக் பெண்மணி தலையாட்டிவிட்டு அந்த ஐந்தாவது பிஸ்கட்டைத் தங்கைக்குக் கீழே தள்ளி வைத்தார். நான் திரும்ப என் பக்கம் இழுத்தேன். அவர் யோசித்துப் பார்த்தார். பிறகு பிள்ளையை விட்டுவிட்டுத் தங்கையை நகர்த்தினார், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இடமே இல்லாதபடி என்னோடு ஒட்டி வைத்தார். பிள்ளை இரண்டு பேருக்கும் கீழே கிடந்தது. இந்த முறை நான் பிள்ளையை இழுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து டீச்சர் யாரோடோ கதைத்துக்கொண்டே வந்து என் மூத்த மகனை எடுத்துக் கடித்தார். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததற்குக் காரணம் டீச்சருக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த கிழமை சம்பந்திக்கு வந்தோம். மகனின் மாமியாரை நான் எப்படிச் சொல்வது? அப்படி ஒரு சொல்லே இல்லை என்றார் டீச்சர். ஸ்லோவாக் பெண்மணி, எங்களுக்கு இருக்கிறது, ஸ்வாட்கா, என்றார். எனக்குச் சம்பந்தி, அவருக்கு ஸ்வாட்கா, உலகம் முழுக்கக் கதைக்கிற இந்தப் பெரிய மொழிக்கு ஒன்றும் இல்லை. பிறகு கலியாண வீட்டில் எப்படித்தான் ஆளை அறிமுகம் செய்கிறீர்கள் என்று கேட்டேன். நீட்டிச் சொல்வோம் என்றார் டீச்சர். என் மகனின் மனைவியின் அம்மா. ஒரு சொல் இல்லையென்றால் உள்ளதை வரிசையாகச் சொல்லிவிட வேண்டியதுதான். எரிச்சலோடுதான் கொப்பியில் எழுதினேன்.

அந்த ஞாயிறு மகள் வீடியோவில் வந்தாள். கடிதம் எழுதியாயிற்றா என்று கேட்டாள். நீஸ் என்று எழுத எனக்குக் கை வரவில்லை என்றேன்.

"அவங்கள் கேக்கிற சொல்லை எழுதி விடுங்கோவன் அம்மா. நீங்கள் எனக்கு ஆர் எண்டு அவங்களோ எனக்குச் சொல்ல வேணும்?"

"நீ எனக்கு மகள்."

"அந்த நாளிலை நாலு எண்டுதானே குடுத்தனீங்கள்."

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரம் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பதினெட்டு வருடத்துக்கு முன் மகன் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டபோது ஒரு படிவம் நிரப்பினோம். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருந்தது. ஐந்து என்றால் ஐந்தாவதுக்குத் தத்துப் பத்திரம் கேட்பார்கள் என்றான் மகன். தங்கை பிள்ளையைத் தூக்கி வளர்க்க யார் பத்திரம் எழுதுவது? அலுவல் பிந்திவிடும் என்று பயந்து, நாலு என்றே போடு என்றேன். என் வாயால்தான் சொன்னேன், தமிழில்தான் சொன்னேன். அப்போது எனக்கு ஓர் இங்கிலிஸ் சொல்லும் தெரியாது. அவளுக்கு இது தெரியாது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"ஆர் சொன்னது உனக்கு?"

"அண்ணை அப்பவே சொன்னவர்."

"கோபமோ?"

"அப்ப இருந்தது," என்றாள். "பேந்து போட்டுது. நீங்கள் கடிதத்தை அனுப்புங்கோ."

போய்விட்டதா, எனக்காகச் சொன்னாளா, அந்தச் சின்னத் திரையில் தெரியவில்லை.

அன்று தொடங்கிப் பதினொரு நாள், குசினி மேசையில் பென்சிலால் எழுதினேன். ஒரு சொல் தெரியாவிட்டால் டீச்சரிடம் கேட்டேன். கொப்பியைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதினேன். மகள் என்றும் எழுதவில்லை, நீஸ் என்றும் எழுதவில்லை. நீட்டி எழுதினேன். நான் நான்கு பிள்ளைகளைப் பெற்றேன். ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். முந்திய படிவத்தில் நான்கு என்று சொன்னேன், அது பெற்ற கணக்கு. இவள் என் தங்கையின் பிள்ளை. தங்கை இறந்தபோது இவளுக்கு இரண்டரை வயது. அன்றிலிருந்து என்னிடம் வளர்ந்தாள். இவளுடைய கலியாணத்தை நான் செய்து வைத்தேன். இவள் என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். எனக்கு நடக்கக் கஷ்டம், இவளைப் பார்க்க விருப்பம்.

மகன் வாசித்துவிட்டு, இவ்வளவு நீளத்துக்குத் தேவையில்லை, பழைய படிவத்தை நாங்களே ஏன் கிளற வேண்டும் என்றான். அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். இரண்டாம் முறையும் மறுத்தால் மூன்றாம் முறைக்கு என் முழங்கால் காத்திருக்குமோ தெரியாது. ஆனாலும் ஒரு தடவை நான் அவளை எண்ணாமல் விட்டேன். இன்னொரு தடவை என் கையெழுத்தோடு விட முடியாது. போட்டால் இதைத்தான் போட வேண்டும் என்றேன்.

பேத்தியைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது, பிரெஞ்சும் இங்கிலிசும் தண்ணீர் மாதிரி ஓடும். தாளைக் கையில் எடுத்ததுமே கண்ணால் ஓடி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பம்மா, இதுக்கு ஒரு வேர்ட் இருக்கு."

"தெரியும். நீ சத்தமா வாசி பிள்ளை. ஐஞ்சு எண்ட இடத்திலை நிண்டு வாசி. ஒண்டையும் திருத்தாதை."