நான் வரவழைத்த யானை

ஒரு பொய் சொல்லி, ஒரு கணவனையும் மனைவியையும் அவர்கள் ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டைவிட்டு வெளியேற வைத்தேன். பொய் ஒரு யானையைப் பற்றியது. அப்போது எனக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. வயசுக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றும் சொல்ல முடியாது.

குரங்கணிக்கு மேலே, ஜீப்புப் பாதை முடிகிற இடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் என் தோட்டம். அப்பா விட்டுப்போன காப்பியும் மிளகும். ஓய்வுபெற்ற பிறகு அதற்குள் மூன்று காட்டேஜ் கட்டினேன். சிமெண்டுக் கல் சுவர், தகரக் கூரை, முன்னால் ஆளுக்கு ஒரு நாற்காலி போடுகிற அளவுக்கு வராந்தா. மலையேற வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு மத்தியானம் இறங்கிவிடுவார்கள். அவர்கள் போன பிறகுதான் எங்களுக்குச் சோலி. மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டால் போர்வை காயாது. ஓடையிலிருந்து வருகிற குழாயில் இலை அடைத்துக்கொள்ளும். அட்டை கடித்த காலோடு மெத்தையில் படுத்திருப்பார்கள், ரத்தக்கறை போகத் துவைக்க வேண்டும். சமையல் என் மனைவி. எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து, வந்த பிள்ளைகளுக்கு மலை அணில், மந்தி, இருவாச்சி என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வகுப்பு விட்டுப்போன குறை தெரியாது.

என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தைப் போடியிலிருந்து ஒரு பாய் வாங்கினார். ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து அனுப்புகிற கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, மனைவியோடு மலைக்கு வந்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தார். டவுனில் அவர்கள் வீடு ஒரு சந்துக்குள். கீழே மகன் குடும்பம், மாடியில் ஒற்றை அறையில் இவர்கள். அந்த அம்மா ஒருநாள் என் மனைவியிடம் சொன்னாராம்: "மாடியில நின்னு கையை நீட்டுனா எதுத்த வீட்டுச் செவரு தட்டுது. கடைசிக் காலத்துல நாலு செடிக்கு நடுவுல இருக்கணும்னு ஆசை." அதற்காகத்தான் அந்த வீடு. வீட்டுச் செலவுக்கு ஆகுமென்று பக்கத்தில் இரண்டு காட்டேஜ்.

மண் சரியாத இடம் எது, தண்ணீர்த் தொட்டியை எங்கே வைக்கலாம் என்றெல்லாம் நான்தான் கூட நின்று காட்டினேன். அவர் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

பொறாமை எப்போது வந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவர்கள் இடம் கொஞ்சம் உயரம். காலையில் கதவைத் திறந்தால் போடிப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அந்த அம்மா செய்கிற இடியாப்பமும் கறிக்குழம்பும் வந்தவர்கள் வாயில் பேச்சாக இருந்தது. சனிக்கிழமைகளில் என் கேட்டைத் தாண்டி ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போவார்கள். ஒருமுறை என்னிடம் தங்கியிருந்த இரண்டு பையன்கள் மறுநாளே மூட்டையைக் கட்டினார்கள். "சார், தப்பா நினைக்காதீங்க, அங்க வியூ சூப்பரா இருக்கு" என்றார்கள். அன்றைக்கும் அந்த அம்மா மூடிபோட்ட தூக்கில் குழம்பு கொடுத்துவிட்டிருந்தார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசினேன். என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கோடையில், குரங்கணி டீக்கடையில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு. எங்கே தங்கலாம் என்று ஜீப்பு டிரைவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் என்னையும் சொன்னான், பாயையும் சொன்னான். "பாய் இடந்தான் சார் இன்னும் நல்லா இருக்கும்" என்றான். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கும். ஆனா அங்க யானை நடமாட்டம் இருக்கு. பிள்ளைகளை வச்சுக்கிட்டு யோசிச்சுப் போங்க" என்றேன்.

டிரைவர் திரும்பினான். "யானையா? நம்ம பக்கமா? நான் பாத்ததே இல்லையே சார்."

"நீ பாக்கலைன்னா இல்லைன்னு ஆயிருமா?"

"அட, வாத்தியாரே சொல்றாருடா" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். "நீ ஸ்டியரிங்கைப் பாத்த, அவரு காட்டைப் பாத்தாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் குடும்பம் என்னிடம் வந்து தங்கியது. பிள்ளைகளுக்கு மலை அணில் காட்டினேன்.

தேவாரம் பக்கம் அடிவாரத்தில் யானை இறங்கி மக்காச்சோளத்தையும் தென்னையையும் அழிப்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் அது கொஞ்சம் நடந்து எங்கள் பக்கமும் வந்துவிட்டது என்பதை நம்ப யாருக்கும் சிரமமில்லை. நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரைவர்கள் சொன்னார்கள். சில நாளில் அதற்கு ஒரு கொம்பு ஒடிந்தது, பிறகு காது கிழிந்தது. போடி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னிடமே அதன் உயரத்தைச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

பாயிடம் புக் பண்ணியிருந்தவர்கள் போன் போட்டு வரவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒரு மழைநாள் காலையில் அவர் என் கேட்டில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. வாழையை ஏதோ சாய்ச்சிருக்கு. தடம் கிடக்கு. ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாய்ங்க. நீங்க பாத்துச் சொன்னாத்தான் இவ கேப்பா."

போனேன். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். டீக்கடையில் சொன்னது ஒரு வாய்க்கொழுப்பு என்று யாராவது மன்னிக்கலாம். இதை மன்னிக்க முடியாது.

அது காட்டுமாட்டுத் தடம். ஒன்றின்மேல் ஒன்றாக மிதித்து, மழையில் கரைந்து அகன்று, டவுன்காரர் கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்தது. ஓரத்தில் குளம்பின் பிளவு நன்றாகவே இருந்தது. குனியாமலே தெரிந்தது எனக்கு. இருந்தாலும் குனிந்தேன். கையால் சாண் போட்டு அளந்து பார்த்தேன். அந்த அம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உறுதியாச் சொல்ல முடியாது பாய். பெரிய மிருகந்தான். மழை தடத்தைக் கரைச்சிருச்சு."

"அப்ப யானையா இருக்கலாம்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எதுக்கும் எச்சரிக்கையா இருக்கிறது நல்லதுதான்."

மாணவர்களின் விடைத்தாளில் இப்படி வழுக்குகிற பதிலுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

அதன் பிறகு அந்த அம்மாவுக்கு இருட்டினால் வீட்டுக்கு வெளியே கால் வைக்க முடியாமல் போனது. பாய் சுற்றிலும் விளக்குக் கட்டினார். சரவெடி வாங்கி வைத்தார். வெடி வைத்ததில் இருக்கிற விருந்தாளியும் பயந்து இறங்கினான். மழை முடிவதற்குள் ஜீப்பில் லோடு ஏற்றிவிட்டார்கள். மிக்ஸி, கோரைப்பாய், தலையணை, தொட்டியில் வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்று. கோழிகளை எங்களிடம் விட்டுப்போனார்கள். மறுபடி அந்த மாடி அறை.

எனக்கு நல்ல கூட்டம். போனில் கேட்பார்கள்: "சார், உங்க இடத்துல யானை பாக்கலாமாமே, கேரண்டியா?" கேரண்டி இல்லை என்றால் சிலர் போனை வைத்துவிடுவார்கள். மேலே போகப் பயந்து என்னிடம் தங்கியவர்கள் பாதி, யானை பார்க்க வருகிறவர்கள் பாதி. என் மூன்று காட்டேஜும் நிரம்பியே இருந்தன.

நோன்பு மாதம் வந்தது. ஒரு சாயங்காலம் அதே டிரைவர் ஒரு தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். நோன்புக் கஞ்சி. டவுனிலிருந்து அவ்வளவு தூரம் ஜீப்பில் வந்தும் சூடு முழுசாக ஆறவில்லை. பின்னாலேயே பாய் போன் பண்ணினார்.

"அண்ணே, கஞ்சி வந்துருச்சா? இவதான் உங்களுக்கு அனுப்பியே ஆகணும்னா. இன்னொண்ணும் சொல்லச் சொன்னா. எங்க இடத்துல ஆள் இல்லைன்னா அது உங்க பக்கம் வந்துரும், மதினியை வெளிய விடாதீங்கன்னு. கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன்.

கஞ்சியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தூக்கை மூடி திறக்காமலே என் முன்னால் வைத்தாள்.

"இதை ஏன் எங்கிட்டச் சொல்றீங்க? கஞ்சி குடுத்து விட்டவுககிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போவதற்குப் பெருநாள் கழிய வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். கழிந்ததும் போனேன். மாடியில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்த எதிர்ச் சுவர். நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

பாய் சிரித்தார். "எங்களைத் தேத்துறதுக்குச் சொல்றீங்க. உக்காருங்கண்ணே. ஏத்தா, டீயைக் கொண்டா வெரசா."

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. "அந்தத் தடம்?" என்றார்.

"காட்டுமாடு."

"அன்னைக்கே தெரியுமா?"

"பார்த்தவுடனே தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. "நான் உங்க மொகத்தைத்தானே பாத்துக்கிட்டு நின்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பாயின் சிரிப்பு போய்விட்டது. பிறகு, "கெளம்புங்க சார். மகன் வர்ற நேரம். அவன் காதுல விழுந்தா மரியாதை கெட்டுப் போயிரும்" என்றார். சார் என்றது அப்போதுதான் முதல் தடவை. இப்போதும் அப்படித்தான்.

திரும்பும் வழியில் குரங்கணி டீக்கடையில் இறங்கினேன். நாலைந்து டிரைவர்கள் இருந்தார்கள். நான் சொன்ன யானை பொய், பாயின் இடத்துக்கு யானை வந்ததே இல்லை என்று சத்தமாகச் சொன்னேன்.

என்னிடம் முதலில் சந்தேகப்பட்ட அதே டிரைவர் எழுந்தான். "சார், என்ன பேசுறீங்க? நானே ரெண்டு தடவை பாத்தேன். வளைவுல நின்னுச்சு. லைட்டை அணைச்சிட்டு உக்காந்திருந்தேன்."

"நீ பாத்தது பாறையா இருக்கும்பா."

"பாறை காதாட்டுமா சார்?"

"பாய் இடத்தை விக்கப்போறாரு போல, வாத்தியாருக்குக் கமிஷன்" என்றான் இன்னொருவன். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள்.

சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. பாயின் மகனுக்குத் தெரியாமல் பாயிடம் சாவி கேட்டேன். அவர் கொடுக்கவில்லை; இரண்டு வாரம் கழித்து அவரே வந்து திறந்தார். கூரையிலும் தொட்டியிலும் இலை மண்டியிருந்தது. நானும் மனைவியும் சுத்தம் செய்தோம். அவர் தடுக்கவுமில்லை, பேசவுமில்லை. என் காட்டேஜ்களை அந்த சீசன் முழுக்கப் பூட்டிவிட்டேன். எனக்குப் போன் போட்டவர்களையெல்லாம் அவரிடம் அனுப்பினேன். யானையைப் பற்றிக் கேட்டவர்களிடம், அது நான் சொன்ன பொய் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்தார்கள். நம்பாதவர்களுக்காக நாங்களே அவருடைய காட்டேஜ் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தோம். கிழவனும் கிழவியும் திறந்த இடத்தில் படுத்திருப்பதைப் பார்த்து நம்பினார்கள். மெல்ல ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இப்போது சனி ஞாயிறுகளில் அவருடைய இரண்டும் நிரம்புகின்றன. என்னுடையதில் ஒன்றை மட்டும் திறந்திருக்கிறேன், அவரிடம் இடம் இல்லாதபோது.

ஆனால் அவர்கள் அந்த வீட்டைக் கட்டியது ஆட்கள் வருவதற்காக இல்லை. பாய் காலையில் ஏறி, கடைசி ஜீப்பில் இறங்கிவிடுகிறார். அந்த அம்மா சில நாள் பகலில் வருவார். சமைப்பார், செடிக்குத் தண்ணீர் விடுவார், வெயில் சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "பொய்யின்னு தெரியுது மதினி. புத்திக்குத் தெரியுது. ஒரு கெளை ஒடிஞ்சா அதுதான் வருதுன்னு நெஞ்சு அடைக்குது. அதுக்கு நான் என்ன செய்ய?"

பொய்யைத் திரும்ப எடுத்தேன். பயத்தை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை. அது இப்போது அந்த அம்மாவுடையது.

போன மாதம் என் மனைவி துணைக்குப் படுப்பதாகச் சொன்னதால், வெளியேறிய பிறகு முதல் தடவையாக அந்த அம்மா அங்கே ஓர் இரவு தங்கினார். நான் போகவில்லை, நான் வந்தால் வர மாட்டேன் என்று சொல்லியிருந்தார். விடியும்வரை விளக்கை அணைக்கவில்லையாம். இரண்டு தடவை மனைவியை எழுப்பி, என்ன சத்தம் என்று கேட்டாராம். காலையில் முதல் ஜீப்புக்கு அவர் என் கேட்டைத் தாண்டிப் போனபோது நான் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் பக்கம் பார்க்கவில்லை. கண் சிவந்திருந்தது. கையில் முந்தின நாள் தன் செடியில் பறித்த ரோஜா இருந்தது.

அடுத்த மாதமும் ஒரு நாள் தங்குவதாகச் சொல்லியிருக்கிறார். என் மனைவியிடம்தான்.