பீரோவுக்குள் ஒரு வேண்டுதல்

என் குரலை நானே முதன்முதலாகக் கேட்டபோது, யாரோ என்னைப் போலப் பாடிக் கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கைப்பேசியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அறையில் நானும் பீரோவும் மட்டும்தான் இருந்தோம். பீரோ அப்படிப் பாடாது. அதற்கு மானம் உண்டு.

மண்ணெண்ணெய் தீர்ந்துபோய்விட்டது என்று ரேஷன் கடை வாசலில் நின்று அறிவிக்கிற குரல் அது. அதில் ராகம் இருந்தது என்று நான் நாற்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம்பியதற்குக் காரணம் ரயில். திருத்தணியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிற எங்கள் கூட்டம், காலை வண்டியில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு பஜனை பாடியபடியே போகும். ஒரு ஜால்ரா, பெட்டியின் தகரத்தில் தாளம் தட்ட நாலைந்து கைகள், முதலடி எடுக்க நான். நான் ஒரு வரி பாடி நிறுத்தினால் மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் பாடுகிற நேரம் எனக்கு ஓய்வு. தண்ணீர் குடிப்பேன், மூக்கைச் சிந்துவேன், பக்கத்தில் இருப்பவரின் மேனேஜர் நேற்று என்ன சொன்னார் என்று விசாரிப்பேன், ஜன்னலோரம் உட்காரப் பார்க்கிறவனை அதட்டுவேன். அந்த இரைச்சலில் எதுவும் யாருக்கும் கேட்காது. அடுத்த வரிக்கு ‘டாண்’ என்று வந்து நிற்பேன். அந்த இடைவெளி என் சொந்த வீடு மாதிரி. அதற்குள் நான் என்ன செய்தாலும் கேட்பாரில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் கூட்டம் புஷ்பக் காவடி எடுக்கும். முன்னால் ஒரு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, மைக்கைப் பிடித்து நான் பாடிக்கொண்டு போவது வழக்கம். போன வருஷம் பஜார் தாண்டுவதற்குள் தொண்டை கட்டி, அடிவாரத்தில் வெறும் காற்றுதான் வந்தது. அதனால் இந்த வருஷம் பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து ஒலிக்க விடலாம் என்று ரயிலில் முடிவானது. ஸ்டுடியோ எதற்கு, இப்போதெல்லாம் வீட்டிலேயே பதிவு செய்கிறார்கள் என்றார்கள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் இடைவெளி விடு, நாங்கள் நடந்துகொண்டே பதில் பாடிக்கொள்கிறோம் என்றார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஜால்ராக்காரர், போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

“பாவா குரல்லயும் ஒண்ணு எடுத்துப் பாக்கலாமே.”

பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்து அதே ரயிலைப் பிடிக்கிறவர். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூட்டம் முழுக்க அவரைப் பாவா என்றே கூப்பிடுகிறது. எப்போதும் கதவோரம் நின்று பதில்தான் பாடுவார். நல்ல குரல். எவ்வளவு நல்ல குரல் என்று யோசித்துப் பார்க்க நான் யாருக்கும் அவகாசம் கொடுத்ததில்லை. அன்றைக்கும் அவர் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். நான்தான் அதையே நினைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய ஸ்டேஷனையே விட்டுவிட்டு, அடுத்ததில் இறங்கித் திரும்பி வந்தேன்.

அன்று முதல் குரல் வளப் பயிற்சி. கைப்பேசியில் ஒரு வாத்தியாரைப் பிடித்தேன். அவர் சொன்னதையெல்லாம் செய்தேன். விடியற்காலையில் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும். குதிரை செய்வது போல உதட்டைப் படபடவென்று அடிக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் போட்டு, குமிழி விட்டபடியே ஸ்வரம் பாட வேண்டும். இந்தக் கடைசிப் பயிற்சியின்போது மனைவி அறைக்குள் வந்தாள். என்னைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். நேராக வெளியே போய், எனக்குச் சர்க்கரை ஏறியிருக்குமோ என்று அக்காவுக்குப் போன் செய்தாள். அதாவது பாவா வீட்டுக்கு.

வாத்தியார் சொன்னதில் ஒன்று மட்டும் என்னை விடாமல் குடைந்தது. சத்தம் போடுவது வேறு, பாடுவது வேறு. இத்தனை காலமும் நான் ரயிலோடு சண்டை போட்டிருக்கிறேன். அதற்குப் பெயர் பாட்டு என்று நினைத்திருக்கிறேன்.

பதிவு செய்ய வீட்டில் பீரோதான் சரியான இடம் என்று தெரிந்துகொண்டேன். சுவரில் மோதி எதிரொலிக்கிற சத்தத்தைத் துணி குடித்துவிடுமாம். மனைவியின் பட்டுப் புடவைகளுக்கு நடுவே கைப்பேசியை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தேன். காற்று அடிக்காமல் இருக்க அதற்கு ஒரு துவைத்த சாக்ஸை மாட்டினேன். காதில் ஹெட்போன், அதில் தம்பூரா ஒலி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலைக்கு மேல் ஒரு மெத்தை விரிப்பைப் போட்டுக்கொண்டு பீரோவுக்குள் தலையை விட்டேன். ஆடி மாதப் புழுக்கம். பாச்சை உருண்டை வாசனை. பக்கத்து வீட்டு மிக்சி ஓய்வதற்குக் காத்திருந்து, ஒரு வரி பாடி, நிறுத்தி, மனசுக்குள் கூட்டத்தைப் பதில் பாட விட்டு, அடுத்த வரியைப் பாடி, ஒருவழியாக முழுப் பாட்டையும் முடித்தேன். வெளியே வந்தபோது குளித்துவிட்டு வந்தவன் போல இருந்தேன்.

முடித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. முதல் வரியைக் கேட்டேன், காது கூசியது. கடைசி வரியைக் கேட்டேன், அது கொஞ்சம் தேவலாம். நடுவில் உள்ளதை அந்த முருகன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன். கூட்டத்தில் யாருக்கும் முன்கூட்டியே அனுப்பவும் இல்லை. பென் டிரைவில் போட்டு நேராக ஆட்டோக்காரரிடம் கொடுத்தேன்.

கிருத்திகை அன்று தோளில் காவடியோடு பஜாரில் நடந்தேன். பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. ஸ்பீக்கரில் என் குரல் ஊரை அழைத்துக்கொண்டு போனது. இடைவெளிகளில் எங்கள் கூட்டம் பதில் பாடியது. அந்த இரைச்சலில் என் குரல் பழையபடி நன்றாகவே இருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடிவாரத்துக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் மோர் கொடுத்தார்கள். பம்பைக்காரர்கள் நின்றார்கள். எல்லோரும் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஸ்பீக்கரில் ஒரு வரி முடிந்தது. பதில் பாட ஒருவரும் இல்லை. அந்தச் சந்தடியற்ற இடத்தில், மலையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து, பெருமூச்சோடு என் குரல் வந்தது. பாட்டில்லை. பேச்சு.

“முருகா, எப்படியாச்சும் இத்த ஒப்பேத்திக் குடுத்துடு. பாவா மட்டும் பாடிடக் கூடாது. அவரு ஒரு வாட்டி பாடிட்டார்னா அப்புறம் என்னிய எவன் கேப்பான்.”

பீரோவுக்குள் நான் பேசியிருக்கிறேன். ரயில் பழக்கம். காதில் தம்பூரா மாட்டியிருந்ததால் எனக்கே தெரியவில்லை. ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தலாம் என்றால் தோளில் காவடி. மலையேறும் வரை இறக்கி வைக்கக் கூடாது. காவடியோடு ரெண்டு எட்டு ஓடியும் பார்த்தேன். பூவெல்லாம் உதிர, சாமி வந்துவிட்டது என்று நினைத்து ஒரு அம்மா என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டார்.

மோர் டம்ளர்கள் வாயிலேயே நின்றன. ஜால்ராக்காரர் தரையைப் பார்த்தார். நான் பாவாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

ஸ்பீக்கரில் அடுத்த வரி வந்தது, முடிந்தது. இந்த இடைவெளியில் இன்னும் என்ன உளறி வைத்திருக்கிறேனோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. பாவா. தனியாக, முழுத் தொண்டையில் பதில் பாடினார். கடைசி எழுத்தைப் பிடித்து இழுத்து, என் அடுத்த வரி ஆரம்பிக்கிற வரை விடவே இல்லை. அதற்கடியில் ஸ்பீக்கரில் என் முணுமுணுப்பு ஓடியது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. அடுத்த இடைவெளியிலும் அப்படியே. ஆட்டோ நிற்கிற அடிவாரம் வரை ஒரு இடைவெளியைக்கூட அவர் திறந்து விடவில்லை. ஸ்பீக்கரில் என் வரி, தெருவில் அவர் வரி. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டு நடந்தேன். அதைவிடப் பெரிய தண்டனையை முருகன் யோசித்திருக்க முடியாது.

ராத்திரி சாப்பாடு போடும்போது மனைவி சொன்னாள்: “குரலு பரவால்லைங்க. வேண்டுதல்தான் சரியில்ல.”

அதற்கப்புறம் சில நாள் வேறு பெட்டியில் ஏறினேன். சீசன் டிக்கெட் வைத்திருக்கிறவன் திருட்டு ரயில் ஏறியவன் போல முகத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு போனேன். ஒரு நாள் பிளாட்பாரத்திலேயே பாவா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். என் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. யாரும் பாட ஆரம்பிக்கவில்லை. காத்திருந்தார்கள்.

“எடு மச்சான்,” என்றார் பாவா.

“இன்னிக்கு நீங்க எடுங்க பாவா.”

அவர் ஒரு நிபந்தனை போட்டார். “நான் எடுத்தா நீதான் பதில் பாடணும். நடுவுல வேண்டிக்கினு இருக்கக் கூடாது.”

எல்லோரும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு பெட்டி முழுக்க உடைந்தது. நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது.

பாவா எடுத்தார். நாங்கள் பதில் பாடினோம். அவர் வரி பாடும்போது எனக்கு ஓய்வுதான். கையில் தண்ணீர் பாட்டில்கூட இருந்தது. மூடியைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அரக்கோணத்தில் வண்டி நின்றது. நானாக இருந்தால் அங்கே பாட்டையும் நிறுத்திவிடுவேன். டீ குடிக்க என்று சொல்வேன். டீ மட்டும் காரணமில்லை, இரைச்சல் இல்லாமல் பாட எனக்குப் பயம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பாவா நிறுத்தவில்லை. பாதிப் பேர் டீக்கு இறங்கியிருந்தார்கள், தகரம் தட்டுகிறவர்களும் அவர்களோடு. சக்கரச் சத்தம் அடங்கிவிட்டது. பதில் பாட நானும் ஜால்ராக்காரரும்தான் பாக்கி, அவர் வாயில் பஜ்ஜி.

பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். சத்தம் போடாமல், மெதுவாகப் பாடினேன். சுருதி கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. எனக்கே கேட்டது. பாவா திரும்பிப் பார்க்காமல் அடுத்த வரியை எடுத்தார்.