முதலிடத்தில் இணக்கம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே வேலை செய்தவர்கள் எல்லோரும் பெண்கள், எல்லோரும் கான்ட்ராக்ட். நானும் அந்த வழியாக உள்ளே போனவள்தான். எங்கள் குடும்பம் பொன்னேரிப் பக்கம் ஊரார் கழனியில் நாற்று நட்ட குடும்பம். அதில் ஐடிஐ வரை படித்து, கம்பெனி சட்டை போட்டு, நான்கு வருடத்தில் நிரந்தரமாகி, பிறகு சூப்பர்வைசரும் ஆன முதல் பெண் நான். எதிர்த்துப் பேசாததால்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் வேறு பெயரில் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல குணம் என்று.

போன வருடம் ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்பு சூப்பர்வைசர்கள் எல்லோரையும் ட்ரெய்னிங் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். முப்பது வயதிருக்கும், சிரித்த முகம். ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்து, "இது பரீட்சை இல்ல, சரி தப்புன்னு எதுவும் இல்ல. உங்களோட பலம் என்னன்னு நீங்களே தெரிஞ்சுக்கப் போறீங்க" என்றார். கேள்விகள் தமிழில்தான் இருந்தன. ஆனால் யாரும் பேசாத தமிழ். 'கருத்து வேறுபாடு எழும்போது நான் அமைதியை நாடுகிறேன்.' 'எனக்கு இடப்பட்ட பணியை வினா எழுப்பாமல் நிறைவேற்றுகிறேன்.' ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து வட்டம். முழுவதும் ஒத்துக்கொள்கிறேன் என்ற கடைசி வட்டத்தையே நான் அதிகம் தொட்டேன். பொய் சொல்லவில்லை. எல்லாம் உண்மைதான்.

ஒரு வாரம் கழித்து வழவழப்பான தாளில் கலர் கலராக ரிப்போர்ட் வந்தது. முதலிடத்தில் இணக்கம். அப்புறம் பொறுமை, பொறுப்பு, விசுவாசம், ஒழுங்கு. அந்தப் பெண் என் எதிரே உட்கார்ந்து, "உங்கள மாதிரி ஆளுங்கதான் மேடம் ஒரு கம்பெனியோட முதுகெலும்பு" என்றார். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. அதுவரை என்னிடம் என்ன இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. என்ன இல்லை என்று சொன்னவர்கள் நிறைய.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என் கணவர் அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் பிரிவில் கான்ட்ராக்ட் ஆள். குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே படித்தார். சோறு போடும்போதுதான் சொன்னார்.

"சந்தையில மாடு புடிக்கப் போனா எங்கப்பா இதத்தான் கேப்பாரு. முட்டுமா, ஒதைக்குமா, சொன்னா நிக்குமான்னு."

"உனக்குப் பொறாம."

"எனக்கு இன்னா பொறாம? எனக்கு டெஸ்ட்டு வச்சாலும் இதான் வரும். வேலைக்குப் போற எல்லாருக்கும் இதான் வரும். வராதவன வெளிய அனுப்சிடுவான்."

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. 

மூன்றாம் வாரம் எச்.ஆர். மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்லவர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மேஜையில் என் ரிப்போர்ட்டின் நகல் இருந்தது. எனக்கு ஏதோ பெரிய இடம் தரப்போகிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே போவதற்கு முன் முகம்கூடக் கழுவிக்கொண்டேன்.

"உக்காருங்கம்மா. ரெண்டு பிரஸ் லைனையும் எடுத்துட்டு ரோபோ போடறோம். பொங்கலுக்குள்ள முடிக்கணும். கான்ட்ராக்ட்ல இருக்கற லேடீஸ் இருபத்திரண்டு பேர் தேவைப்பட மாட்டாங்க."

நான் மேஜையில் இருந்த என் ரிப்போர்ட்டைப் பார்த்தேன்.

"நாங்க சொன்னா கேட்ல உக்காந்துடுவாங்க. போன தடவ வேற கம்பெனியில என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். உங்க ரிப்போர்ட்ட பாத்தேன். இத உங்களவிட நல்லா யாராலயும் சொல்ல முடியாது. உங்க பலமே அதான."

"சரி சார்" என்றேன். அந்த அறையில் நான் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் நான் என்று கேட்டிருக்கலாம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்தேன். டீயும் சமோசாவும் கம்பெனி செலவு. சிலருக்கு அதைப் பார்த்ததுமே புரிந்திருக்க வேண்டும், எடுத்துச் சாப்பிடவில்லை. நான் சொன்னேன். மெஷின் வருகிறது, யார் மேலும் குறை இல்லை, கான்ட்ராக்டரிடம் பேசியிருக்கிறது, வேறு இடத்தில் கூப்பிடுவார்கள். கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் குரல் கடைசிவரை நடுங்கவில்லை. அதுதான் இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

யாரும் கத்தவில்லை. ஒருத்தி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்து வந்து, என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாள். "நீ இன்னாக்கா பண்ணுவ. உன்ன சொல்லச் சொன்னாங்க, சொல்ற. குடி" என்றாள். வேலை போனவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்தத் தண்ணீரை நான் குடித்தேன்.

கிளம்பும்போது அவர்களில் மூத்தவள், கவரைப்பேட்டையிலிருந்து வருகிறவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னருகில் நின்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ பழைய கணக்கை நினைவுபடுத்துவதுபோலச் சொன்னாள். "அந்தப் பொண்ணுக்குக் கை போனப்பவும் நீதாங்க்கா வந்து எங்களாண்ட பேசின. அப்பவும் இதே மாரிதான், ஒரு சத்தம் இல்லாம பேசின."

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது நடந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அந்த மாதம் ஆர்டர் அதிகம். ஒரு பொத்தானை எப்போதும் அழுத்தியபடியே இருக்கும்படி டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே மறு கையால் அழுத்தலாம், எண்ணிக்கை கூடும். ஒட்டியது புரொடக்‌ஷன் ஆட்கள். நான் பார்த்தேன். ஒருமுறை சொன்னேன். "ரெண்டு நாள்தாம்மா" என்றார்கள். பிறகு நான் சொல்லவில்லை. இரண்டு நாள் மூன்று வாரமானது. இருபத்து நான்கு வயதுப் பெண், வலது கையில் இரண்டு விரல் போனது. ஆள்காட்டி விரலும் நடு விரலும். ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். வழியெல்லாம் அவள் கத்தவில்லை. "அக்கா, எங்கூட்ல சொல்லாத, எங்கூட்ல சொல்லாத" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நான்காம் நாள் டைப் அடித்த தாள் ஒன்று என்னிடம் வந்தது. மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் பணியாளரே பொத்தானை ஒட்டியதாகவும், கவனக்குறைவால் விபத்து நேர்ந்ததாகவும் எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். கையெழுத்துப் போட்டேன். பிறகு லைனுக்குப் போய், யாரும் இதைப் பற்றி வெளியே பேச வேண்டாம், அவளுக்கு நல்லது நடக்கும் என்று மற்ற பெண்களிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி செலவுக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் பேக்கிங் பிரிவில் வேலை தருவோம் என்று முதலில் சொன்னவர்கள், தப்பு அவள்மேல் என்று காகிதத்தில் வந்த பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

கேன்டீன் கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். பொன்னேரி ஸ்டேஷன் பக்கத்தில் தள்ளுவண்டியில் நாஷ்டா கடை போட்டிருந்தாள் என்று தெரியும். ரயிலில் போகும்போது சில தடவை பார்த்திருக்கிறேன். அவள் பார்த்தால் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். இறங்கியதில்லை.

கூட்டம் ஓய்ந்திருந்தது. மூன்று விரல் கையால் கரண்டியைப் பிடித்து மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். "வாக்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தோசை வேண்டாம் என்றேன். நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தவள், மாமியார் எப்படி இருக்கிறார், வியாபாரம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளே நிறுத்தினாள்.

"இன்னாக்கா, எதுனா சொல்ல வந்தியா?"

"அப்ப ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டேன்மா. உன் மேல தப்புன்னு எழுதியிருந்துச்சு."

"தெரியுமே" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேல கேட்டு ஆபீஸுக்குப் போனேன்ல, அப்பவே காட்னாங்க. கீழ உன் கையெழுத்து. தமிழ்ல அழகா போட்டிருந்த."

"அப்ப ஏன் என்னாண்ட வந்து கேக்கல?"

"உங்கிட்ட வந்து இன்னாத்த கேக்கறது? நீ அப்படித்தான். டேப்பு ஒட்டினப்பவே பாத்துட்டு சும்மா போன. உம்மேல எனக்குக் கோவம்லாம் இல்லக்கா. யாராச்சும் ஒருத்தர் சொல்வாங்கன்னு நெனச்சேன். அந்த ஒருத்தர் நீ இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

அதற்குள் ஒருவர் வந்து இரண்டு இட்லி கேட்டார். அவள் திரும்பிக்கொண்டாள்.

அந்த டேப்லெட் நாற்பது கேள்வி கேட்டுச் சொன்னதை அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது ரயிலில் இடம் இருந்தும் வாசலருகே நின்றேன். இணக்கம் என்கிறார்கள். நான் யாரோடு இணங்கிப் போனேன்? மேலே இருப்பவனோடு மட்டும்தான். பொறுமை என்கிறார்கள். அடுத்தவள் கை போவதைப் பொறுத்துக்கொண்டதற்கு அந்தப் பெயரா? வலி எனக்கு வந்திருந்தால் நான் பொறுத்திருப்பேனா என்பது எனக்கே தெரியாது. எனக்கு வரவில்லை. அதுதான் என் சாமர்த்தியம்.

நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் கையால் எழுதினேன். திருவள்ளூரில் தொழிற்சாலைகளைப் பார்க்கும் அரசு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு நகலை எச்.ஆர். மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு வருத்தமாகத்தான் பார்த்தார். "இப்ப எதுக்கும்மா இது? உங்ககிட்ட இத எதிர்பாக்கல" என்றார். அடுத்த வாரம் என்னை லைனிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். சம்பளம் குறையவில்லை. பேச ஆள் மட்டும் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்தது மாசி மாதத்தில். எந்த மெஷின் என்று கேட்டார். காட்டுவதற்கு மெஷின் இல்லை. பழைய பிரஸ்கள் எல்லாம் எடைக்குப் போய்விட்டன. அந்த மெஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு போல்ட் துளையும் எண்ணெய்க் கறையும் இருந்தன. கம்பி வேலிக்கு உள்ளே ரோபோ குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அவர் அதை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து என்னையும் விரல் போன அந்தப் பெண்ணையும் திருவள்ளூருக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

அலுவலகத்தில் அவளை முதலில் கேட்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு என்னை. ஆபீஸர் பழைய தாளை என் பக்கம் திருப்பினார்.

"இது உன் கையெழுத்துதானேம்மா?"

"ஆமா சார்."

"தெரிஞ்சே ஏன் போட்ட?"

"பயம் சார். வேல போயிடும்னு."

அவர் பேனாவை நிறுத்தினார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார். "அப்படி வேணாம். நிர்வாகத்தின் வற்புறுத்தலால்னு போட்டுக்கறேன். உனக்கும் நல்லது."

"யாரும் வற்புறுத்தல சார். பேப்பர குடுத்தாங்க. நான் போட்டேன்."

"அத எழுதினா உனக்குத்தான் பிரச்சன."

"எழுதுங்க சார்."

எழுதினார். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு என்று இன்னும் ஒன்றும் வரவில்லை. மெஷின் இல்லை, டேப் இல்லை, அன்று லைனில் இருந்தவர்கள் இருபத்திரண்டு திசையில் போய்விட்டார்கள். இருப்பது என் வாக்குமூலம் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிராக. எதை நம்புவது என்று கம்பெனி வக்கீல் கேட்கிறாராம். நியாயமான கேள்விதான்.

அன்று திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பெரியபாளையம் தாண்டும்வரை இருவரும் நின்றுகொண்டே வந்தோம், நடுவில் நான்கு பேர். பொன்னேரியில் இறங்கியதும் அவள் என் பக்கம் வந்தாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.

"மாவு ஆட்டணும்க்கா, நேரமாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்து போனாள்.