மூன்றாவது கோட்

காவல்காரர் கண்ணாடி காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் படகின் வயிற்றில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு அதில் வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்து, தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொள்வார். "வீட்டுக் கண்ணாடியில நான் கொஞ்சம் கிழவனாத் தெரியுறேன்" என்பது அவர் கட்சி.

தொழில் பெயிண்டர். அவர் அடித்தால் முகம் தெரியும். அதனால் வந்ததுதான் கண்ணாடி என்ற பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது இந்த ஒற்றைப் படகுக்குக் காவல்.

படகும் லேசுப்பட்டதல்ல. பல நாடுகள் மோதும் கோப்பைக்காக நான்கு வருடம் கட்டிய பந்தயப் பாய்மரப் படகு. எடை கூடினால் வேகம் குறையும் என்பதால், அந்த நான்கு வருடமும் பட்டறையில் எடைக்காரர் ஆட்சி. தராசோடு வாசலில் உட்கார்ந்திருப்பார்; ஆணி முதல் ஒட்டும் நாடா வரை நிறுத்துத்தான் உள்ளே விடுவார். படகோட்டிகள் சாப்பிட்டுவிட்டு வந்தால் அவர்கள் வயிற்றை முறைப்பார். பெயிண்ட் இரண்டே கோட் என்பது அவர் கட்டளை. காலி டப்பாவையும் நிறுத்துக் கையெழுத்துப் போடுவார்.

படகு போனது. நான்கு பந்தயத்தில் எதிராளியோடு ஆளுக்கு இரண்டு வெற்றி. ஐந்தாவதில் பதினொரு விநாடியில் தோற்றது. அப்புறம் ஒரு பணக்காரர் வாங்கி, மகளின் பிறந்தநாளை அதில் கொண்டாடி, மகளை மட்டும் ஞாபகமாக அழைத்துப்போனார். பல வருடம் துறைமுகத்தில் பறவைகளுக்குக் கழிப்பறையாக இருந்துவிட்டு, காட்சிப்பொருளாகப் பிறந்த வீட்டுக்கே திரும்பியது.

ஏன் தோற்றது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கண்ணாடியிடம் கிழமைக்கு ஒரு பதில் உண்டு. திங்கள் காற்று, செவ்வாய் பாசி. கூட்டம் அதிகமான ஞாயிறுகளில் சுக்கான் பிடித்தவரையே பிடித்துவிடுவார். "கடைசித் திருப்பத்துல அந்தாளுக்குத் தும்மல் வந்துருச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?" அவரை யாரும் எதுவும் பண்ணச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அன்று பந்தயத்துக்குப் படகு புறப்பட ஒரு வாரம் இருக்கையில், சாப்பாட்டு அடுக்கோடு வந்த மனைவி படகை ஏற இறங்கப் பார்த்தார். "என்னங்க, முகம் கழுவாத பிள்ளையப் போட்டோவுக்கு நிறுத்துன மாதிரி இருக்கு" என்றார். கண்ணாடிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த அடுக்கில் பெயிண்ட் உள்ளே போனது. பட்டறையில் எடைக்காரர் நிறுக்காத பொருள் அந்த அடுக்கு ஒன்றுதான். அதில் வரும் சாப்பாட்டில் அவருக்கும் அவ்வப்போது ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. முழுப் படகையும் நிறுத்து முடித்தாகிவிட்டது. இனி யார் கேட்பது? நான்கு அடுக்கு, ஐந்து நாள். மெருகேற்றுகிறேன் என்ற பெயரில் மூன்றாவது கோட் ஏறியது. ஒன்பது கிலோ தேறும். ஒன்பது கிலோவுக்குப் பதினொரு விநாடியா என்று பத்தொன்பது வருடமாக மனக்கணக்குப் போடுகிறார். இன்னும் விடை வரவில்லை.

போன வாரம் படகின் வரலாற்றை எழுத ஓர் அம்மாள் வந்தார். காசளவு இடத்தை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தால், வெங்காயத்தை நறுக்கியதுபோல் ஒவ்வொரு கோட்டும் ஒரு வளையமாகத் தெரியுமாம். மறுநாளே தேய்க்கப்போவதாகச் சொன்னார். கண்ணாடி வீட்டுக்கு ஓடினார்.

"இத்தனை வருசம் உப்புத் தண்ணியில கிடந்திருக்கு. மேல் கோட் தேய்ஞ்சிருக்கும்ல?"

"நீங்க அடிச்சதா? தேயுமா?" என்றார் மனைவி.

அதற்கு ஆமாம் என்றால் தொழிலுக்கு அவமானம். இல்லை என்றால் மாட்டிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் எடைக்காரரையும் விருந்தாளியாக அழைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். கையில் தராசு இல்லையே தவிர, பார்வை அதேதான். உப்புத்தாளை மடித்தபடி அம்மாள் கேட்டார்: "தேய்க்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. எத்தனை கோட்டுங்க அடிச்சீங்க?"

கண்ணாடி எடைக்காரரைப் பார்த்தார். பளபளவென்று நின்ற படகைப் பார்த்தார். இரண்டு விரலைக் காட்டினார்.

பின்னால் வந்து நின்ற மனைவி சாப்பாட்டு அடுக்கைத் தரையில் வைத்தார். கண்ணாடியின் கையைப் பிடித்து, மடங்கியிருந்த மூன்றாவது விரலை நிமிர்த்தி, அது திரும்ப மடங்கிவிடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.