கிணற்றைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகப் புவியியல் நடத்துகிறேன். அதில் ஒன்பது வருடம் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம் எழுதியும் வந்தேன். குற்றாலத்துக்கும் கன்னியாகுமரிக்கும் போய் அலுத்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இன்னும் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை. தேரிக்காட்டில் செம்மண் மேடுகள் காற்றுக்கு இடம் மாறுவது, மணிமுத்தாறு அணைக்குக் கீழே பட்டாம்பூச்சிகள் ஈரமண்ணில் கூட்டமாக வந்து உட்காருவது, எந்தக் குளத்துக்கு வெளிநாட்டு வாத்து வந்திருக்கிறது, வனத்துறை எந்தப் பாதையை மூடியிருக்கிறது, எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சனிக்கிழமை காலையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் குடையுமாகக் கிளம்பிவிடுவேன். என் கணவர் ஆரம்பத்தில் கூட வந்தார். இரண்டு கோடை பார்த்ததும் நின்றுகொண்டார்.

இணைப்பின் பொறுப்பாசிரியருக்கு என் எழுத்தில் ஒரே ஒரு குறை. தகவல் இருக்கிறது, கதை இல்லை என்பார். நான் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வேன். நான் டீச்சர், பொய் எழுதுவதில்லை என்று அவரிடம் ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. ஆற்றில் வந்த வெள்ளத்தைத் தெற்கே வறண்ட பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். வள்ளியூருக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் கால்வாய்க் கரை உடைந்து, தண்ணீர் முழுவதும் ஒரு கிணற்றுக்குள் விழுகிறது, ஒரு வாரமாகியும் கிணறு நிரம்பவில்லை என்று யாரோ எடுத்த படம் எல்லோருடைய கைபேசியிலும் சுற்றியது. அடுத்த சனிக்கிழமையே போனேன்.

தூரத்திலேயே சத்தம் கேட்டது. அருவிச் சத்தம்தான், ஆனால் தரைக்குக் கீழேயிருந்து வந்தது. சதுரமான, சாதாரண தோட்டக் கிணறு. ஒரு பக்கத்துச் சுவர் இடிந்திருந்தது. பழுப்புத் தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்குச் சுருண்டு உள்ளே விழுந்து, அடியில் ஒரு பக்கமாகத் திரும்பி, எங்கோ போய்க்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் மட்டம் ஏறவே இல்லை.

கிணற்றுக்குச் சொந்தக்காரர் இருபது வருடம் சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டித் திரும்பியவர். சாயபு, ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு. ஊருக்கு வந்ததும் வாங்கிய நிலம் அது. கிணற்றில் தண்ணீர் இல்லை என்று தெரியாமல் வாங்கி ஏமாந்ததை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். இப்போது வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் விழுந்துவிடக் கூடாதே என்று காலையிலிருந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் புவியியல் டீச்சர் என்று தெரிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தார்.

தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் கேட்டார். நான் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினேன். இந்தப் பக்கம் அடியில் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் பட்டுப் பட்டு அது கரைந்து குகை குகையாக ஆகியிருக்கும். உள்ளே போகிற தண்ணீர் வீணாகாது, பல மைல் சுற்றளவில் மற்ற கிணறுகளில் ஊறும் என்றேன். அது உண்மைதான். பக்கத்து ஊர்களில் உப்பு கரித்த கிணறுகளில் தண்ணீர் ஏறி ருசி மாறியிருப்பதாக அவரே நாலு ஊர்ப் பெயர் சொன்னார். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இவ்வளவையும் எழுதி வியாழக்கிழமை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பொறுப்பாசிரியர் கூப்பிட்டார். கட்டுரை பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது, அந்த ஊர்க்காரர்கள் கிணற்றைப் பற்றி ஏதாவது சொல்வார்களே, நம்பிக்கை, ஐதீகம், அப்படி எதுவும் இல்லையா என்றார். இல்லை என்றேன். இருந்தால் முதல் பக்கத்தில் அறிவிப்புப் போட்டு முழுப் பக்கமாகக் கொடுக்கலாம், இல்லையென்றால் அரைப்பக்கம்தான் என்றார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வரி எழுதினேன். அதை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ‘இந்தக் கிணற்றில் போடும் எலுமிச்சம்பழம் மூன்றாம் நாள் கடலில் மிதக்கும் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை.’ யாருக்கும் கெடுதல் இல்லாத வரி என்று நினைத்தேன். முழுப் பக்கம் கிடைத்தது.

ஒன்பது வருடத்தில் எந்தக் கட்டுரைக்கும் வாசகர்கள் அப்படிக் கூப்பிட்டுப் பேசியதில்லை. தலைமையாசிரியை காலை வணக்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். மதுரை, கோவை, சென்னையிலிருந்தெல்லாம் கிணற்றுக்கு வழி கேட்டார்கள். எல்லோரும் கேட்டது எலுமிச்சம்பழத்தைப் பற்றித்தான். சுண்ணாம்புப் பாறையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சாயபுவும் போனில் கூப்பிட்டார். முதலில் சந்தோஷமாகத்தான் பேசினார். வேன் வேனாக ஆட்கள் வருகிறார்கள், ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொண்டுவருகிறார்கள், அவர் வீட்டில் எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தே ஓய்ந்துபோகிறார்கள் என்றார். பிறகு தயங்கிக் கேட்டார்.

“டீச்சர், இந்த எலுமிச்சம்பழச் சங்கதிய ஒங்களுக்கு யாரு சொன்னா? நம்ம ஊருல யாரக் கேட்டாலும் தெரியலங்காங்க. எனக்கே தெரியாம இருந்திருக்கு பாருங்க.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, கையில் சாக்பீஸ் இருந்தது. வள்ளியூர் பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் சொன்னார் என்றேன். எப்படி இருப்பார் என்று கேட்டார். வெள்ளைத் தாடி, பச்சைத் துண்டு என்று அதையும் சொன்னேன். முதல் பொய்யையாவது யோசித்து எழுதினேன். இது தானாக வந்தது.

கால்வாயில் தை வரைக்கும் தண்ணீர் வந்தது. அதுவரை ஆட்களும் வந்தார்கள். தை மாதக் கடைசியில் ஒரு நாள் சாயபு மறுபடியும் கூப்பிட்டார். குரலில் பழைய உற்சாகம் இல்லை.

கடற்கரையிலிருந்து ஓர் அம்மாள் வந்ததாகச் சொன்னார். வள்ளியூர் சந்தையில் கருவாடு விற்கிறவர். அவருடைய ஒரே மகன் இரண்டு வருடத்துக்கு முன்னால் கடலுக்குப் போனான். படகில் மற்றவர்களெல்லாம் திரும்பிவிட்டார்கள். அவன் மட்டும் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. சந்தையில் யாரோ கிணற்றைப் பற்றிச் சொல்ல, அந்த அம்மாள் வந்து எலுமிச்சம்பழம் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் விடியற்காலையிலிருந்து வெயில் சாயும் வரை கடற்கரையில் நின்றிருக்கிறார். பழம் வரவில்லை. மறுபடி வந்து போட்டார், மறுபடி நின்றார். இப்படி நாலு முறை.

“கரையில நின்னு கடல்ல போட்டா அலை திருப்பிக் கொண்டாந்துருமாம். கெணத்துத் தண்ணிதான் அடியோட போவுதாம், அடியிலதான் மவன் இருக்கானாம். மவுத்தாயிட்டானா உசுரோட இருக்கானான்னு ஒரு தகவல் வேணும்னு அழுதாங்க டீச்சர். நாள் கணக்கு தப்பா இருக்குமோன்னு கேக்காங்க. நா ஒங்கள்ட்ட கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லிட்டேன்.”

நான் நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. பேருந்தில் போகும்போது என்னென்னவோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் முன்னால் உட்கார்ந்ததும் ஒன்றும் நினைவில்லை. அந்த வரியை நானே எழுதினேன், யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் மனைவி தேநீர்க் கோப்பையோடு வாசல்படியில் நின்றுவிட்டார்.

அவர் கோபப்படவில்லை.

“அப்போ அந்தப் பெரியவரு?”

“அப்படி ஒருத்தரும் இல்லை.”

“நா நாலு தடவ போய்த் தேடுனேன் டீச்சர். பஸ் ஸ்டாண்டுல ஒவ்வொரு கடையா நின்னு கேட்டேன். நம்ம கெணத்தப் பத்தி நமக்குத் தெரியாதது இன்னும் அவருக்கு என்னவெல்லாம் தெரியுமோன்னு.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கிட்ட கேட்டு ஆகப்போறது ஒண்ணுமில்ல, அந்தம்மாட்டப் போய்ச் சொல்லுங்க, இன்னொரு தடவ அவங்கள வெயில்ல நிக்க விடாதீங்க என்றார். ஊர்ப் பெயரையும் வீட்டுக்கு அடையாளமாகக் கோயிலுக்குப் பின்புறம் ஒரு வேப்பமரத்தையும் சொல்லி அனுப்பினார்.

அங்கிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனேன். அந்த அம்மாள் வீட்டு முற்றத்தில் சாளைக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். பேப்பரில் கிணற்றைப் பற்றி எழுதிய டீச்சர் நான்தான் என்று சொன்னதும் கையை உதறிக்கொண்டு எழுந்தார். என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

மாதா படத்துக்குக் கீழே, ஒரு சிறிய கண்ணாடிக் கோப்பையில், தோல் சுருங்கிக் கறுத்துப்போன ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. இரண்டு பக்கமும் உப்புப் பூத்திருந்தது.

“முந்தாநேத்து வந்துட்டு டீச்சரம்மா. எங் காலுகிட்டயே வந்து ஒதுங்குச்சு. எம் மவந்தான் தள்ளிவிட்டிருக்கான். நா அம்புட்டு நேரம் நிக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.”

புதுப் படகு இறக்குகிறவர்கள் எலுமிச்சம்பழம் கட்டுவார்கள். திருச்செந்தூர்ப் பக்கம் கடலில் தினமும் எவ்வளவோ பழம் விழும். நீரோட்டத்தைப் பற்றிப் பதினோராம் வகுப்புக்கு நானே பாடம் எடுக்கிறேன். அதெல்லாம் எனக்குள் வரிசையாக வந்து நின்றது. அடுத்த வாரம் மகனுக்கு இறந்தவர் பூசை வைக்கப்போவதாகவும், இரண்டு வருடமாக அதற்குச் சம்மதிக்காமல் பங்குச் சாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததாகவும் அந்த அம்மாள் சொன்னார். எனக்கு ஒரு பொட்டலம் கருவாடு கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். சொல்லவில்லை.

சொல்லாதது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த அம்மாளின் நிம்மதிக்காகத்தான் வாயை மூடினேன் என்று பல நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி பயம். அவர் என் கையை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார்; உண்மை தெரிந்தால் அந்தக் கை என்ன செய்யும் என்ற பயம்.

அன்று சாயங்காலம் சாயபுவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நீங்க சொன்னீயளா, சொல்லலியா என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை என்றேன். “சரி டீச்சர்” என்றார். அவர் வேறு ஏதாவது சொல்வார் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவர் வைத்துவிட்டார்.

பொறுப்பாசிரியரிடம் திருத்தம் போடச் சொன்னேன். இதற்கெல்லாம் யாராவது திருத்தம் போடுவார்களா என்று சிரித்தார். எழுதுவதை நிறுத்திவிடுவேன் என்று சொன்ன பிறகு, விளம்பரங்களுக்கு நடுவில் மூன்று வரி வந்தது. அதைப் பார்த்ததாக இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். சனிக்கிழமைகளில் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். சில வாசகர்கள் இன்னும் கேட்கிறார்கள், குற்றாலம், கன்னியாகுமரி தாண்டி ஏதாவது புதிதாகச் சொல்லுங்களேன் என்று. ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

போன மழையில் கால்வாயில் மறுபடி தண்ணீர் வந்ததாகவும், கிணறு அதே போல உள்ளே வாங்கிக்கொண்டதாகவும் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். சாயபு கிணற்று வாய் முழுவதும் இரும்பு வலை போட்டிருக்கிறாராம். எலுமிச்சம்பழத்தோடு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாராம். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்வதில்லையாம். என் பெயரையும் சொல்வதில்லையாம்.

அன்று மதிய இடைவேளையில் அவருடைய எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். அவர் மனைவிதான் எடுத்தார். என் குரலைத் தெரிந்துகொண்டு, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், கால்வலி தேவலையா என்றெல்லாம் அன்பாகவே விசாரித்தார். அவரிடம் கொஞ்சம் கொடுங்கள் என்றேன்.

“அவுக இங்கன இல்ல டீச்சர். தோட்டத்துப் பக்கம் போயிருக்காக.”

சாயபு அங்கேயே யாரிடமோ மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வந்ததும் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்தேன். அதன் பிறகு நான் கூப்பிடவில்லை.