எனக்குத் தெரியாத பெட்ரோல் வாடை

இந்த வருடம் சித்திரை வெயிலில், மயிலாடுதுறையை ஒட்டி இருக்கிற எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது வீட்டில் நான் ஒருவன்தான். கனடாவில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். ஒத்தாசைக்காக என் மனைவி கிளம்பிப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். சமைக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பேச்சுத்துணை இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை. காலையில் மனைவி வீடியோ காலில் வருவாள். "சாப்டீங்களா? விளக்கு ஏத்துனீங்களா?" என்று கேட்பாள். அதற்குள் குழந்தை அழும், வைத்துவிடுவாள். அதோடு சரி. சில நாட்களில் சாயங்காலம் வரைக்கும் என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன்.

அதனால் காரை எடுத்துக்கொண்டு சும்மா சுற்ற ஆரம்பித்தேன். ஒரு நாள் திருப்பனந்தாள், ஒரு நாள் வேளாங்கண்ணி. ஒரு வேலையும் கிடையாது. வழியில் டீக்கடையில் நிறுத்தி, "சர்க்கரை கம்மியா போடுங்க" என்று யாரிடமாவது வாய் திறந்து சொன்னால் போதும் என்றிருந்தது. அப்படி வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும்போதுதான் ஸ்பீடோமீட்டர் பக்கத்தில், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

வண்டி எப்போதும்போல்தான் ஓடியது. இழுவையில் குறையில்லை, சத்தமும் இல்லை. மறுநாள், எங்கள் வீட்டிலிருந்து டவுனுக்குப் போகும் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. துபாயில் பல வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார்.

"பெட்ரோல் ஆவி எங்கயோ லீக் ஆகுதுன்னு காட்டுது சார்."

நான் விழித்ததைப் பார்த்து அவரே விளக்கினார். டேங்கில் இருக்கும் பெட்ரோல் சூட்டுக்கு ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது வெளியே போய்விடாமல், ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கரி நிரப்பிய டப்பாவுக்குப் போய்த் தங்கும். வண்டி ஓடும்போது இன்ஜின் அதை இழுத்து எரித்துவிடும். இந்தப் பாதையில் எங்காவது ஓட்டை விழுந்தால், வண்டியே கண்டுபிடித்து விளக்கைப் போட்டுக் காட்டும்.

"முக்காவாசி வண்டில மூடிதான் சார் பிரச்சினை. பாருங்க, ரப்பர் வெடிச்சிருக்கு" என்று பெட்ரோல் டேங்க் மூடியை மாற்றினார். விளக்கையும் அணைத்துக் கொடுத்தார். டீ வரவழைத்தார். துபாய் வெயில், எங்கள் ஊர் வெயில் என்று பேசிக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால், வண்டி சரியானதைவிட அந்தப் பேச்சுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வாரமே விளக்கு மறுபடி எரிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுபடி போய் உட்காரலாமே! ஆனால் பாய் வீட்டுக் கல்யாணம் என்று ஒர்க்‌ஷாப் பூட்டியிருந்தது. ஓடுகிற வண்டிதானே, அவர் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டேன்.

எங்கள் கார் ஷெட் வீட்டோடு சேர்த்துக் கட்டியது. ஷட்டரை இறக்கிவிட்டால் காற்று புகாது. ஷெட்டிலிருந்து கூடத்துக்கு ஒரு கதவு உண்டு. அந்தக் கதவை ஒட்டித்தான் சாமி மாடம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொரோனா வந்துபோனதிலிருந்து எனக்கு வாசனை தெரியாது. மூடியைத் திறந்ததுமே இன்ன மருந்து என்று சொன்ன மூக்கு, சுத்தமாக மரத்துப்போய்விட்டது. வைத்தியம் பார்த்தோம், பலனில்லை. அப்புறம் பழகிவிட்டது. பால் கெட்டால் மனைவி சொல்லுவாள். அடுப்பில் ஏதாவது தீய்ந்தால் அவள் ஓடுவாள். எனக்கும் சேர்த்து அவளே முகர்ந்துகொண்டிருந்ததில், அது ஒரு குறை என்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

அந்த நாட்களில் எனக்கு ஓயாத தலைவலி. காலையில் எழுந்தால் கிறுகிறுவென்று வரும். தனியாகக் கிடப்பதுதான் உடம்பைப் படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். கைக்குழந்தையோடு அல்லாடுகிறவளிடம் இதைப் போய்ச் சொல்வானேன் என்று மனைவியிடம் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப் திறந்ததும் வண்டியைக் கொண்டுபோனேன். வண்டிக்குப் பின்பக்கமாக வந்த பாய், சட்டென்று விலகி நின்றார்.

"என்ன சார், இவ்ளோ வாடை அடிக்குது! உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கு மூக்கு வேலை செய்யாது பாய்."

"வீட்ல யாரும் சொல்லலையா?"

"வீட்ல யாரும் இல்ல."

பக்கத்தில் பீடி பற்றவைக்கப் போனவரைப் பாய் கையைக் காட்டித் தடுத்தார். வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளிக்கொண்டுபோய் ஆறவிட்டார். பிறகு, புகையை உள்ளே செலுத்தும் ஒரு மிஷினைக் கொண்டுவந்து ஆவி போகிற குழாயில் மாட்டினார். டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் படுத்தார். ஓட்டை இருந்தால் அந்த வழியாகப் புகை கசியுமாம்.

"வந்துட்டு சார்! குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தேன். டேங்குக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத இடுக்கிலிருந்து ஊதுபத்திப் புகைபோல மெல்லிசாக ஒரு கோடு இறங்கியது. குழாயைக் கழற்றிக் காட்டினார். பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் வயல். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்தாகிவிட்டது. தின்ன ஒன்றும் இல்லாத எலிகள் வீடுகளுக்குள் வந்துவிட்டன.

"போன தடவையே நான் அடியில பாத்திருக்கணும். மூடியோட விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க சார்" என்றார். "வண்டிய எங்க நிறுத்துறீங்க?"

ஷெட்டையும் கதவையும் மாடத்தையும் பற்றிச் சொன்னேன்.

"மாடத்துல விளக்கு ஏத்துறதுண்டா?"

"தினமும். வீட்ல சொல்லிட்டுப் போயிருக்காங்க."

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், மாடம் உயரத்தில் இருந்ததால் நான் பிழைத்திருக்கலாம் என்றார் பாய். தினமும் தீக்குச்சியை உரசி, அதை உதறி அணைத்துக் கீழே போட்ட கை இது.

"நான் வந்து பாக்குற வரைக்கும் தீப்பெட்டியத் தொடாதீங்க. சுவிட்ச் எதையும் போடாதீங்க" என்றார்.

புதுக் குழாய் மாட்டி முடித்து, என் வண்டிக்குப் பின்னாலேயே பைக்கில் வீட்டுக்கு வந்தார். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, கூடம், அறை என்று ஒவ்வொரு இடமாக நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். "இங்க இருக்கு சார்" என்று ஜன்னல்களைத் திறந்தார். இரண்டு மாதத்தில் என் வீட்டுக்குள் வந்த முதல் மனிதர் அவர்தான்.

சமையலறையில் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உருளைக்கிழங்கு அழுகிக் கிடக்கு போல. ஃப்ரிட்ஜ்லயும் ஏதோ கெட்டுப்போயிருக்கு. கட்டில்ல கிடக்குற போர்வையையும் அலசிப் போட்டுடுங்க."

எனக்கு அவமானமாகிவிட்டது. என் கண்ணுக்கு வீடு சுத்தமாகத்தான் இருந்தது. தினமும் பெருக்கினேன், துடைத்தேன். வீடியோ காலில் என் முகம் போயிற்று, குரல் போயிற்று. வீட்டின் வாடை மட்டும் கனடாவுக்குப் போகவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன், அழுகை வந்துவிட்டது. பாய் அதைக் கவனிக்காதவர்போல, திறந்திருந்த ஜன்னலையே திரும்பத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அத்தா கடைசி காலத்துல தனியாத்தான் இருந்தாங்க சார். நான் துபாய்ல இருந்தேன்" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார், என் பக்கம் திரும்பாமலே. அழுகிப்போனதையெல்லாம் ஒரு பையில் கட்டி, போகும்போது அவரே எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் அந்த விளக்கு எரியவில்லை. தலைவலியும் நின்றது. மனைவி இன்னும் வரவில்லை, விசாவை நீட்டித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பாய் எங்கள் வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பார். கூடம் வரை வந்து நின்று மூச்சை இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார்" என்பார். நேரம் இருந்தால் உட்காருவார், இல்லாவிட்டால் போய்விடுவார்.

எங்கள் தெருவிலும் என்னைப்போல் தனியாக இருக்கிறவர்கள் சிலர் உண்டு. முன்பெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றே நலம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். என் மூக்குக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்றாலும், பழகிப்போனதால் அவர்களுக்கே தெரியாமல் இருக்கும் ஏதோ ஒன்று, உள்ளே வருகிற இன்னொரு ஆளின் கண்ணிலாவது பட வேண்டும் அல்லவா.